மூன்று பேட்டை, மூன்று பாட்டில்

முதலில் ஒரு மன்னிப்பு. எந்தப் பேட்டையில் குடியிருந்தால் நல்லது என்று ஊருக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. படித்தது எஸ்.எஸ்.எல்.சி. கல்கத்தாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகியும், துணையில்லாமல் நான் போய் வருகிற இடங்கள் இரண்டே இரண்டு — லேக் மார்க்கெட், என் மகள் வள்ளியின் பள்ளிக்கூடம். நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கமே போக மாட்டேன். நேரில் பேச வராத குறைக்குத்தான் வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பாருங்கள், போன வாரம் மதுரையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். மகனுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாம். மருமகள், இரண்டு சின்னக் குழந்தைகள். "பெஹாலா நல்லதா, ஜாதவ்பூர் பக்கம் நல்லதா, புதிதாக சால்ட் லேக் என்று ஒன்று வருகிறதாமே, அது எப்படி? அங்கேயே இருப்பவர் நீங்கள். குழந்தைகளை வளர்க்க எது தோது என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அதே மூன்று பேட்டைகளைத்தான் நாங்கள் ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம்!

லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டை நாங்கள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்கு வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில், கல்யாணம். நாங்கள் இருக்கும் மாடி புது ஜோடிக்கு வேண்டும். வங்காளிகளுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வருஷம் பிறக்கிறது. அதற்குள் போய்விட்டால் நல்லது என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அப்புறம் சண்டை போட என்ன இருக்கிறது?

என் கணவர் உடனே ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்துக் கோடு போட்டார். அலிப்பூரில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கிறவர், கோடு போடாமல் எதையும் யோசிக்க வராது. பஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட், டாக்டர், லோட்ஷெடிங் (இங்கே மின்வெட்டுக்கு அதுதான் பெயர்) என்று தலைப்பு எழுதினார். "ஒனக்கு என்ன வேணும்? சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்றார்.

"தண்ணி" என்றேன்.

இதற்குக் காரணம் உண்டு. கல்கத்தாவுக்கு வந்த புதிதில் எட்டு மாதம் பெல்கரியாவில் குடியிருந்தோம். ட்யூப்வெல் தண்ணீர். இரும்புச் சத்து என்றார்கள். சாதம் மஞ்சளாக வரும். பருப்பு வேகவே வேகாது. இவருடைய வெள்ளை வேட்டிகள் நாலே மாதத்தில் காவியாகிவிட்டன. ஆபீஸில் ஒருவர் "எந்த மடம்?" என்று கேட்டாராம்! அன்றைக்குத் தீர்மானித்தேன். இனி தண்ணீரைப் பார்க்காமல் வீடு பார்ப்பதில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கமும் அதுதான். வீடு பார்க்கப் போனால் வாசலை, வாஸ்துவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார்கள். நான் ஒரு படி மேலே போனேன். மூன்று ஸ்குவாஷ் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். போகிற இடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து காபி போட்டுப் பார்க்க வேண்டும், பருப்பு வேகவைத்துப் பார்க்க வேண்டும். அதில் தெரிந்துவிடாதா?

தாளில் எழுதச் சொல்லாத விஷயம் ஒன்றும் என் மனசில் இருந்தது. வள்ளி.

ஒன்பது வயசு. என்னை உரித்து வைத்த மாதிரி. பெயர் என்ன என்று யாராவது கேட்டால் என் முந்தானைக்குப் பின்னால் போய்விடுவாள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சுலபமாக வரும் — வாயைத் திறந்தால்! "உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வருஷம் முழுக்க அவள் குரலை நான் கேட்கவில்லை" என்று டீச்சர் சொன்னார். இவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. அவளுக்கு இப்போதே ஒரு தோழி கிடைக்காவிட்டால், நாற்பது வயசில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு என்னைப் போலவே தயங்கி நிற்பாள். இந்தப் பயம் அந்தத் தாளில் எந்தக் கட்டத்துக்குள் வரும்?

முதல் ஞாயிற்றுக்கிழமை பெஹாலா. ட்ராம் போகிறது. இவர் ஆபீஸுக்கு மூன்றிலும் அதுதான் பக்கம். மார்க்கெட்டில் காய்கறி பசுமையாக இருந்தது. வீடும் நல்ல வீடு — கீழ்த்தளம், இரண்டு அறை, முன்னால் கொய்யா மரம். வீட்டுக்கார மனிதர் நாற்காலி போட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் பெஹாலாவின் பெருமையைச் சொன்னார். கொசு உண்டா என்று இவர் கேட்டார். உண்டு, ஆனால் அது பெஹாலாக் கொசு இல்லை, டாலிகஞ்ச் கால்வாயிலிருந்து வருகிறது என்றார்.

கிளம்பும்போது சுவரில் ஒரு கோடு கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டோம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறின அடையாளமாம். வருஷா வருஷம் அவ்வளவு வராது என்று சமாதானமும் சொன்னார். வள்ளியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். கோடு அவள் தோளுக்கு இருந்தது.

பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்க வேண்டுமே! எனக்குத் தெரிந்த வங்காளமெல்லாம் கத்தரிக்காய்க்காரரிடம் பேசுகிற வங்காளம். என்ன விலை, ஏன் இத்தனை விலை... இவ்வளவுதான். மற்றவர்கள் பேசினால் புரியும், வாயில்தான் வராது. இவரோ, "ஒன்னோட பாட்டில், நீயே கேளு" என்று ட்ராம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாயைத் திறக்காமல் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு குழாயில் பிடித்துக் கொடுத்தார். பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு சால்ட் லேக். இரண்டு பஸ் மாறிப் போனோம். இறங்கியதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. பின்னே? ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி! பாதாள ரயிலுக்காக எங்கள் பக்கம் தோண்டிப் போட்டிருக்கிற பள்ளங்களைத் தாண்டித் தாண்டி நடந்த கால்களுக்கு அது சொர்க்கம்தான். தெருவுக்குப் பெயர் கிடையாது. எழுத்துதான், நம்பர்தான். நாலாம் நம்பர் தண்ணீர் டேங்க், ஐந்தாம் நம்பர் டேங்க் என்று வழி சொல்கிறார்கள். ஆபீஸ் கோட்டாவில் இவருக்கு ஒரு ஃப்ளாட் கிடைக்க வழியிருந்தது. விண்ணப்பம்கூடப் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் காற்று அப்படியே ஆளைத் தூக்குகிறது. குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

குடையை எடுக்க வள்ளியும் நானும் ஓடினோம். வெகுதூரம் ஓடினோம். வழியில் ஒரு ஆள் இல்லை. சைக்கிளில் வந்த ஒருவர், காய்கறி வண்டி வாரத்துக்கு இரண்டு நாள் வரும் என்றார். கொசு? அது பேலியாகாட்டா கால்வாயிலிருந்து வருவதாம். அதுவும் வெளியூர்க் கொசுதான்!

இன்னும் பத்து வருஷத்தில் அங்கே நிலமே கிடைக்காது என்று இவர் சொன்னார். இருக்கலாம். எனக்கும் அந்த இடம் பிடிக்கத்தான் செய்தது... யாரிடமும் பேச வேண்டியதில்லையே! கதவைத் தட்டும் வேலையும் இல்லை. காவல்காரர் குழாயைக் காட்டினார், நானே பாட்டிலை நிரப்பி நீல நூல் கட்டினேன். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். எனக்கு இவ்வளவு நிம்மதியாக இருக்கிற இடம் வள்ளிக்கு எப்படி நல்லதாக இருக்கும்?

மூன்றாவது ஞாயிறு சந்தோஷ்பூர். பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறி, ஜாதவ்பூரில் இறங்கி, ரிக்ஷா. குறுகலான சந்துகள். நாலு வீட்டுக்கு ஒரு குளம். மீன் வாசனைக்கு இவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் அஸன்சோலில் வேலையாக இருக்கிறார். சாவி பக்கத்து வீட்டில். அந்த வீட்டு அம்மாளுக்கு என்னைவிட நாலைந்து வயசு குறைவாக இருக்கும். பௌதி என்று தெருவே கூப்பிடுகிறது — நம் ஊரில் அண்ணி என்கிற மாதிரி. நானும் அப்படியே எழுதுகிறேன். என்னை அவர் பார்த்த மாத்திரத்தில் தீதி என்று அக்காவாகவும், இவரைத் தாதா என்று அண்ணனாகவும் ஆக்கிவிட்டார்.

வீட்டைத் திறந்து காட்டினார். உட்காரச் சொன்னார். கொசுவைப் பற்றி இவர் கேட்டார்.

"கொசுவா? நெறைய இருக்கு, தாதா. எல்லாம் எங்க கொளத்துக் கொசுதான்" என்றார் பௌதி.

ஒரு பேட்டைக்காரர் தன் பேட்டைக் கொசுவைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

நான் பாட்டிலை எடுத்து, கவிழ்த்து, பல்லைக் காட்டினேன். பௌதி உள்ளே போய் ஒரு தட்டில் பதாஷாவும் மூன்று டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார். வெறும் தண்ணீர் கொடுப்பது இங்கே வழக்கமில்லை, கூட ஒரு இனிப்பு வைக்க வேண்டும். அப்புறம் பாட்டிலையும் வாங்கிப்போய் நிரப்பிக் கொண்டுவந்தார். அதற்குள் பௌதியின் பெண் மிட்டு — வள்ளி வயசுதான் — வாத்து காட்டுகிறேன் என்று வள்ளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டாள். வள்ளி பேசவில்லை. ஆனால் கையை உதறவும் இல்லை. பச்சை நூலை இரண்டு முடிச்சாகப் போட்டேன். அடுப்படி தெய்வமே, இந்தத் தண்ணீர் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பரீட்சை. ஒரே டிகாக்ஷன், ஒரே பால், மூன்று டம்ளர். இவர் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தார். சிவப்பு நூலுக்குப் பரவாயில்லை என்றார். நீல நூலில் புதுக் குழாய் வாசனை வருவதாகச் சொன்னார். பச்சை நூல் காபியை முழுக்கக் குடித்துவிட்டு, "இது எந்தூருத் தண்ணி?" என்றார். பருப்பும் அப்படித்தான். பச்சை நூல் தண்ணீரில் மெழுகாக வெந்தது. சந்தோஷ்பூருக்குத்தான் முதல் பரிசு!

ஃபுல்ஸ்கேப் தாளில் சால்ட் லேக்தான் ஜெயித்திருந்தது. ஆனாலும் பச்சை நூல் காபி இவரை மாற்றிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பௌதியிடம் சம்மதம் சொல்லிவிட்டு வரலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். இன்னொரு தடவை அந்தத் தண்ணீரைப் பிடித்து வர, பச்சை நூல் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை முன்வாசல் வழியாகப் போகவில்லை. மிட்டு ஓடிவந்து பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் பார்த்தேன். முற்றத்தில் ஒரு கை பம்பு. அடியில் சிமெண்ட் தளம். அந்தத் தளம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது, யாரோ செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றின மாதிரி. பக்கத்தில் இருந்த வாளியும் சிவப்பு. கொடியில் தொங்கின பனியன்... பெல்கரியாவில் இவர் வேட்டிக்கு இருந்த அதே நிறம்.

பம்பையும் காட்டி, பாட்டிலையும் காட்டி, இதுவா அது என்று கையாலேயே கேட்டேன்.

பௌதி முகத்தைச் சுளித்தார். "அய்யோ தீதி, இது தொவைக்க, கழுவ. குடிக்கிற தண்ணி ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கொழாயிலேருந்து ஒருத்தர் காவடி கட்டித் தூக்கிட்டு வராரு, தெனமும் ரெண்டு டின். வீட்டுக்கு வந்தவங்களுக்கு இந்த ஜலத்தையா குடுப்பேன்?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! வீடு பார்க்கப் போனால் தண்ணீரைச் சோதிப்பது எங்கள் வழக்கம். வந்தவர்களுக்கு இருப்பதில் நல்ல தண்ணீரைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். இரண்டும் மோதிக்கொண்டதில், ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிற ஏதோ ஒரு தெருக்குழாய்க்கு நான் முதல் பரிசு கொடுத்திருக்கிறேன்.

இவர் தமிழில் ஆரம்பித்தார். "கெளம்பு. பாட்டில் தண்ணிய நம்பி வீடு பாத்த மொத ஆளு நாமதான். நாளைக்கே போயி சால்ட் லேக்குக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன்."

பௌதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோபம் புரியாமல் இருக்குமா? என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா, தீதி, என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மேல் தப்பில்லை, தப்பெல்லாம் என் பாட்டிலில்தான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கத்தரிக்காய் வங்காளம்கூட வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அப்போது என் முந்தானை இழுபடுவது நின்றது. வள்ளி வெளியே வந்து நின்றாள். மாஷி என்று சித்தி முறை வைத்து, வங்காளத்தில், சற்று உரக்கவே, சொன்னாள்:

"மாஷி, அம்மா மூணு எடத்துத் தண்ணியில காபி போட்டுப் பாத்தா. ஒங்க தண்ணிதான் ஃபர்ஸ்ட் வந்துச்சு. அது இந்தத் தண்ணின்னு நெனச்சோம். அதான் அப்பாவுக்குக் கோவம். அம்மாவுக்குப் பேசத் தெரியாது, அதான் அழுதா. ஒங்க மேல ஒண்ணுமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு இந்த வீட்டுக்குத்தான் வரணும்."

டீச்சர் ஒரு வருஷமாகக் கேட்காத குரல். நான் பெற்றவள், நானே அதை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

பௌதி பாட்டிலைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சிவப்புத் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரிப்பு.

"பரீட்சைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா இந்தத் தண்ணியவே குடுத்திருப்பேனே, தீதி! தோத்தா தோத்துட்டுப் போகுது. நான் விருந்தாளின்னு நெனச்சுல்ல குடுத்தேன்."

எழுந்து என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். தானே பம்பை அடித்து நிரப்பினார். இதுதான் நிஜத் தண்ணீர், கொண்டுபோய்ச் சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தார். பார்க்கப் பளிங்கு மாதிரிதான் இருந்தது. இரும்புத் தண்ணீரின் குணமே அதுதான், சற்று நேரம் கழித்துத்தான் நிறம் மாறும்.

இவர் குளத்துப் பக்கம் திரும்பினார். வள்ளியும் மிட்டுவும் வாத்துகளுக்குப் பெயர் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம், சண்டை! வள்ளி! பிறகு பௌதியிடம் திரும்பி, தண்ணீர் கொண்டுவருகிறவர் இன்னொரு வீட்டுக்கும் இரண்டு டின் தூக்குவாரா என்று கேட்டார். சமையலுக்கு மணலும் கரியும் போட்டு, பானைக்கு மேல் பானை வைத்து வடிகட்டினால் இரும்பு நிற்குமா என்று கேட்டார். மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம், மூன்று பானை போதும், கருப்பு மணல்தான் ஆகாது என்றார் பௌதி. இவர் சட்டைப் பையிலிருந்த ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் பானையைப் படம் போட்டுக்கொண்டார். இருபது வருஷக் குடித்தனத்தில் இவர் எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. சம்மதம் இருந்தால் இப்படிக் கேள்வியாகத்தான் வரும்.

ரயிலில் வரும்போது மட்டும், "வேட்டி காவியாப் போச்சுன்னா ஆபீஸ்ல என்ன சொல்லட்டும்?" என்றார்.

"மடம் மாறிட்டேன்னு சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

ஆகவே மதுரை வாசகி அவர்களே, எந்தப் பேட்டை நல்லது? பெஹாலாவில் ட்ராம் இருக்கிறது. அங்கே மாடி வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். சால்ட் லேக்கில் காற்றும் வெளிச்சமும் இருக்கிறது, வாய் படைத்தவர்கள் நாலு பேர் குடிபோனால் அதுவும் ஒருநாள் நல்ல ஊராகும். சந்தோஷ்பூரில் கொசுவும் இரும்பும் மீன் வாசனையும் உண்டு. ரோடு, பஸ், லோட்ஷெடிங் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிக் கழிக்கலாம், தவறில்லை. ஆனால் உங்கள் மருமகளிடம் ஒரு காலி பாட்டிலையும் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கட்டும். எப்படிப்பட்ட தண்ணீர் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவளுக்கு எந்தப் பானையிலிருந்து மொண்டு கொடுக்கிறார்கள் என்று பார்க்கட்டும். குழந்தைகளையும் கூடவே அழைத்துப் போகச் சொல்லுங்கள், எங்கே கையை உதறாமல் போகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டு யோசனையும் சொல்லிவிட்டேன் பாருங்கள்!

நாங்கள் திரும்பிய மறுநாள் திங்கட்கிழமை. பௌதி கொடுத்த பம்புத் தண்ணீரில் சமைத்தேன். பருப்பு வேக ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. சாதம் மஞ்சளாக இருந்தது. வள்ளி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.